புதுப்பிப்பு: லாகின் திரையிலிருந்தே விண்டோஸ் மெய்நிகர் கணினி

சுன்னாகத்தில் சித்தப்பாவின் கடைக் கணினியில் இருப்பது லினக்ஸ். கணக்கு மென்பொருளோ பழைய விண்டோஸில் மட்டும்தான் ஓடும். லாகின் திரையிலேயே, விர்ச்சுவல்பாக்ஸில் (லினக்ஸுக்குள் இன்னொரு கணினிபோல, அதாவது மெய்நிகர் கணினியாக, விண்டோஸை ஓட்டும் மென்பொருள்) இருக்கும் விண்டோஸைத் தெரிவுசெய்ய வழியுண்டா என்று முன்பு கேட்டிருந்தேன். இப்போது அழகாக வேலை செய்கிறது.

லாகின் திரையை நடத்தும் லைட்டிஎம் மென்பொருள் காட்டும் செஷன் பட்டியல் (எந்தச் சூழலுக்குள் நுழைவது என்ற தெரிவுகள்), யுஎஸ்ஆர் கோப்புறைக்குள் ஷேர், அதற்குள் இருக்கும் எக்ஸ்செஷன்ஸ் கோப்புறையிலிருந்து வருகிறது. அங்கே ‘கடைக் கணக்கு’ என்று ஒரு டெஸ்க்டாப் கோப்பு வைத்தேன். அதன் எக்செக் வரி (எதை ஓட்டுவது என்று சொல்லும் வரி) ஒரு சின்ன ஸ்கிரிப்டை, அதாவது கட்டளைகள் எழுதிய கோப்பை, அழைக்கும். ஸ்கிரிப்ட் முதலில் ஓப்பன்பாக்ஸ் என்ற சாளர மேலாளரை (திரையில் சாளரங்களைக் கையாளும் மென்பொருள்) பின்னணியில் தொடங்கும், அப்புறம் மெய்நிகர் கணினியை முழுத்திரையில் திறக்கும்.

முக்கியமான இடம் இதுதான்: விர்ச்சுவல்பாக்ஸின் விபாக்ஸ்மேனேஜ் கட்டளை மெய்நிகர் கணினியைக் கிளப்பிவிட்டு உடனே முடிந்துவிடும். ஸ்கிரிப்டும் முடிய, செஷன் மூடி மறுபடி லாகின் திரைதான். விர்ச்சுவல்பாக்ஸ்விஎம் கட்டளையோ விண்டோஸை நிறுத்தும்வரை காத்திருக்கும். ஆகவே அதையே பயன்படுத்துங்கள்.

ஓப்பன்பாக்ஸையும் விட்டுவிடாதீர்கள், சாளர மேலாளர் இல்லாவிட்டால் கீபோர்ட் சரியாகப் பிடிபடாமல் போகலாம். யூஎஸ்பி பில் பிரிண்டர் விண்டோஸுக்குள் வேலை செய்ய, லாகின் செய்யும் பயனரை லினக்ஸில் விபாக்ஸ்யூசர்ஸ் குழுவில் சேர்க்க வேண்டும். சித்தப்பா இனி யாரையும் கூப்பிடாமல் தானே கணக்குத் திறக்கிறார். எனக்கு அதுதான் பெரிய சந்தோஷம்.