விளையாட்டுச் செய்தி எழுதுபவர்கள் யாராவது இருக்கிறீர்களா? ஒரு உதவி வேண்டும்

வணக்கம். கல்லூரியில் விளையாட்டு இதழியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆட்டம் பார்க்கத் தெரிந்தால் போதும் என்று நினைத்துச் சேர்ந்தேன், அது எவ்வளவு தப்பு என்று இப்போதுதான் புரிகிறது.

ஆட்டம் முடிந்த சில நிமிடங்களில் செய்தி தயாராக இருக்க வேண்டும் என்பதால், ஆட்டம் நடக்கும்போதே பின்பகுதியை எழுதி வைத்துக்கொண்டு, முடிவு தெரிந்ததும் மேலே முதல் இரண்டு பத்தியை மட்டும் சேர்க்கச் சொல்லித் தந்திருக்கிறார்கள். சரி என்று அப்படியே செய்தால், கால்பந்தில் 90 நிமிடம் தாண்டி ஒரு கோல் விழுந்து கதையே தலைகீழாகிவிடுகிறது, இல்லையென்றால் வீடியோ நடுவர் அந்தக் கோலையே செல்லாது என்கிறார், எழுதியதெல்லாம் குப்பை. நீங்கள் வெற்றி, தோல்வி, டிரா மூன்றுக்கும் தனித்தனித் தொடக்கம் எழுதி வைப்பீர்களா? அல்லது வேறு வழி இருக்கிறதா?

அப்புறம் கிரிக்கெட்டில் மழையால் ஆட்டம் தடைபட்டால் இலக்கைத் திருத்திக் கணக்கிடும் டக்வொர்த்-லூயிஸ் முறை. 1997-இல் வந்தது, 2014-இல் ஸ்டெர்ன் பெயரும் சேர்ந்தது, இதெல்லாம் மனப்பாடம். ஆனால் மிச்சமிருக்கும் ஓவரையும் கையில் உள்ள விக்கெட்டையும் வைத்து இலக்கு மாறுவதை வாசகருக்கு இரண்டே வரியில் சொல்ல வரவில்லை.

பேட்டியிலும் தடுமாற்றம்தான். "எப்படி உணர்கிறீர்கள்" என்று கேட்டால் "அணியாக நன்றாக ஆடினோம்" என்று முடித்துவிடுகிறார்கள் (கேள்வியே அப்படித்தானே). ஒரு குறிப்பிட்ட பந்து, ஒரு பாஸ் பற்றிக் கேட்டால் பேசுவார்களா?

யாராவது என் ஆட்ட அறிக்கை ஒன்றைப் படித்துத் திட்டினாலும் பரவாயில்லை, அனுப்புகிறேன்.