போஸ்ட்கிரஸுக்கு பேட்ச் அனுப்பியவர்கள், பக் பிடித்தவர்கள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நானே தொடங்கி வைக்கிறேன். போன வருடம்தான் என் முதல் பேட்ச் (நிரலில் செய்யும் திருத்தம்) போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் சேர்ந்தது. பெரிய விஷயம் எதுவும் இல்லை. போஸ்ட்கிரஸுக்குக் கட்டளை கொடுக்கும் பிஎஸ்க்யூஎல் புரோகிராமில் ஒரு கட்டளையைப் பாதி அடித்து டேப் தட்டினால் வர வேண்டிய ஒரு சொல் வரவில்லை, அவ்வளவுதான். தினமும் அதே இடத்தில் தட்டித் தட்டிப் பார்த்து, ஒரு சனிக்கிழமை சோர்ஸை இறக்கி, டேப்-கம்ப்ளீட் கோப்பைத் திறந்தேன். சி மொழி தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, ஆயிரக்கணக்கான வரிகளில் வரிசையாக நிற்கும் எல்ஸ்-இஃப்களைப் பார்த்ததும் கொஞ்சம் மலைப்பாகவே இருந்தது. ஆனால் பக்கத்து வரிகளைப் பார்த்து எழுதினால் போதும், மூன்று வரியில் வேலை முடிந்துவிட்டது.

போஸ்ட்கிரஸ் எழுதுகிறவர்கள் பேசிக்கொள்ளும் ஹேக்கர்ஸ் மெயில் லிஸ்டுக்கு அனுப்பிவிட்டு இரண்டு நாள் மெயிலைத் திறந்து திறந்து பார்த்தேன். மூன்றாவது நாள் பதில் வந்தது. நான் 'டெயில்மேட்சஸ்' போட்டிருந்தேன். அது வரியின் கடைசிச் சொற்களை மட்டும்தான் பார்க்கும், முன்னால் என்ன இருக்கிறது என்று கவலைப்படாது. அதனால் வேறொரு கட்டளை தற்செயலாக அதே சொற்களில் முடிந்தாலும் என் பரிந்துரை அங்கேயும் போய் நிற்கும். 'மேட்சஸ்' போட்டால் வரி முழுவதும் பொருந்த வேண்டும். பதில் எழுதியவர் இதைச் சொன்னதோடு நிற்காமல், எந்தக் கட்டளையில் தவறாக வரும் என்று தானே அடித்துப் பார்த்து அந்த வரியையும் ஒட்டியிருந்தார். முன்பின் தெரியாத ஒருவர் என்னுடைய மூன்று வரியை இறக்கி, கம்பைல் செய்து, ஓட்டிப் பார்த்திருக்கிறார் என்பதை நினைத்து அன்று ராத்திரி வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

அப்புறம் அதே பேட்சின் அடுத்தடுத்த பதிப்புகள், வி2, வி3, வி4. ஒன்றில் இண்டெண்ட் சரியில்லை, அதைச் சரிசெய்யும் பிஜிஇண்டெண்ட் ஓட்டச் சொன்னார்கள். ஒன்றில் டேப் கம்ப்ளீஷனுக்கென்றே இருக்கும் பெர்ல் டெஸ்டில் ஒரு வரி சேர்க்க முடியுமா என்று கேட்டார்கள். காத்திருக்கும் பேட்சுகளை எல்லாரும் சேர்ந்து பார்க்கும் கமிட்ஃபெஸ்ட் பட்டியலில் பதிவு செய்யச் சொன்னார்கள். வருடத்துக்கு ஐந்து நடக்கும், ஜூலை, செப்டம்பர், நவம்பர், ஜனவரி, மார்ச். பதிந்து வைத்தால் சிஎஃப்பாட் தானாகவே பேட்சை எடுத்து லினக்ஸ், விண்டோஸ், மேக் எல்லாவற்றிலும் ஓட்டிப் பார்த்துவிடும். மெயிலுக்கு எப்படிப் பதில் எழுதுவது என்பதையும் அங்கேதான் கற்றேன். எல்லாவற்றுக்கும் மேலே உட்கார்ந்து எழுதக் கூடாது, அவரவர் கேள்விக்குக் கீழே அந்தந்தப் பதில், எல்லாருக்கும் ரிப்ளை.

பேட்ச் கமிட் ஆகி போஸ்ட்கிரஸில் சேர்ந்த அன்று கமிட் செய்தியில் என் பெயர் இருந்த வரியை அம்மாவுக்குக் காட்டினேன்.

*

வாழ்த்துகள் தம்பி. என்னுடையது பேட்ச் கதை இல்லை, பக் ரிப்போர்ட் எழுத உட்கார்ந்து கடைசியில் அனுப்பாமல் விட்ட கதை. பரவாயில்லை என்றால் சொல்கிறேன்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு சர்வர் பார்த்துக்கொண்டிருந்தேன். டெபியன் 9 பழசாகிவிட்டது என்று 10-க்கு ஏற்றினோம். போஸ்ட்கிரஸ் டேட்டா டைரக்டரியில் கை வைக்கவில்லை, அப்படியே இருந்தது. திங்கட்கிழமை காலை ஸ்டோரில் இருந்து போன், "அண்ணா, இந்த ஐட்டம் கோடு இல்லைனு சொல்லுது, ஆனா லிஸ்ட்ல இருக்கு". போய்ப் பார்த்தால் உண்மைதான். கோடு கொடுத்துத் தேடினால் பூஜ்யம் வரி. டேபிள் முழுவதையும் கொட்டச் சொன்னால் அந்த வரி கண் முன்னால் நிற்கிறது. மதியத்துக்குள் யாரோ அதே கோடை மறுபடி உள்ளே போட்டுவிட்டார்கள், ஒரே கோடு இரண்டு முறை வராமல் தடுக்கும் யூனிக் இண்டெக்ஸ் இருக்கும்போதே! எனக்குக் கை கால் ஓடவில்லை. போஸ்ட்கிரஸில் பெரிய பக் என்று முடிவே கட்டிவிட்டேன்.

ரிப்போர்ட் எழுதுவதற்கு, யார் ஓட்டினாலும் பிழை வர வேண்டும் என்று ஒரு சின்ன ஸ்கிரிப்ட் தயார் செய்தேன். புது டேட்டாபேஸ், அதே டேபிள், அதே கோடுகள். பிழை வரவில்லை. பிஜி_டம்ப் போட்டு டேட்டாவை வெளியே எடுத்து அதே மெஷினில் திரும்ப ஏற்றினேன், அப்போதும் வரவில்லை. பழைய டேட்டா டைரக்டரியில் மட்டும்தான் வருகிறது. அப்போதுதான் பொறி தட்டியது: இண்டெக்ஸ் கட்டியது பழைய ஓஎஸ், படிப்பது புது ஓஎஸ்.

விஷயம் என்னவென்றால், போஸ்ட்கிரஸ் எழுத்து வரிசையைத் தானாக முடிவு செய்வதில்லை, சாதாரணமாக ஓஎஸ்ஸின் ஜிலிப்சி என்ற சி லைப்ரரியைத்தான் கேட்கும். 2018 ஆகஸ்டில் வந்த ஜிலிப்சி 2.28-இல் அந்த வரிசை மாறிவிட்டது. '1-1', '11' என்று இரண்டு வரியை அமெரிக்க ஆங்கில லொகேலில் சார்ட் கட்டளைக்குக் கொடுத்துப் பாருங்கள். பழையதில் 11 முதலில் வரும், புதியதில் 1-1 முதலில் வரும். எங்கள் ஐட்டம் கோடு முழுக்க இந்த மாதிரி நடுவில் சிறுகோடு (-) போட்ட எண்கள்தான். இண்டெக்ஸின் பீ-ட்ரீ என்பது வரிசைப்படி அடுக்கிய அலமாரி, அடுக்கியவன் ஒரு வரிசையில் அடுக்கி, தேடுகிறவன் வேறு வரிசையில் தேடினால் பொருள் அங்கேயே இருந்தாலும் கை தவறான தட்டுக்குத்தான் போகும். யூனிக் சரிபார்ப்பும் அதே தட்டில் பார்த்துவிட்டு "இல்லை" என்று சொல்லிவிடும், புதிய வரி உள்ளே வந்துவிடும்.

இண்டெக்ஸைப் புதிதாகக் கட்ட ரீஇண்டெக்ஸ் போட்டால் டூப்ளிகேட் இருக்கிறது என்று நின்றுவிட்டது. ஒவ்வொரு ஜோடியாக எது அசல் என்று ஸ்டோர் ஆட்களிடம் கேட்டுக் கேட்டு அழித்து முடிக்க மூன்று ராத்திரி ஆனது.

பின்னாளில் இதற்கான பேட்சுகளைத் தொடர்ந்து படித்தேன். ஒவ்வொரு இண்டெக்ஸும் எந்தப் பதிப்பு வரிசையில் கட்டப்பட்டது என்று குறித்து வைக்கும் வேலை போஸ்ட்கிரஸ் 14-க்காக கமிட் ஆகி, 2021 மே மாதம் வெளியீட்டுக்கு முன்பே திரும்ப எடுக்கப்பட்டது. 15-இல் டேட்டாபேஸ் அளவில் பதிப்பைக் குறித்து, மாறினால் எச்சரிக்கை கொடுக்கிறது. 17-இல் ஓஎஸ்ஸை நம்பாமல் போஸ்ட்கிரஸே வைத்திருக்கும் சி.யூடிஎஃப்-8 வரிசை வந்தது. அந்த எச்சரிக்கை வரி அன்றைக்கு இருந்திருந்தால் எங்களுக்கு அந்தத் திங்கட்கிழமையே வந்திருக்காது. லாகில் அந்த வரியைப் பார்க்கிறவர்கள் தயவு செய்து மூடிவிட்டுப் போகாதீர்கள்.

*

அண்ணா சொன்னது ஓஎஸ் பக்கத்துக் கோளாறு. நான் சொல்வது போஸ்ட்கிரஸின் சொந்தப் பிழை. நான் டிபிஏ (டேட்டாபேஸ் நிர்வாகி), சென்னை. 14 வந்த புதிதில் ஆர்வமாக ஏற்றினோம். இண்டெக்ஸ்கள் ஊதிப்போகாமல் இருக்க ஞாயிறுதோறும் ரீஇண்டெக்ஸ் கன்கரண்ட்லி ஓடும்படி க்ரானில் வைத்திருந்தேன், எழுதுகிறவர்களைத் தடுக்காது என்பதால்.

2022 ஜூனில் 14.4 வந்தது. வழக்கமாக பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பரில்தான் சின்ன வெளியீடுகள் வரும், இது வரிசைக்கு வெளியே ஜூன் 16 அன்று தனியாக வந்தபோதே ஏதோ தீவிரம் என்று புரிந்தது. 14.0 முதல் 14.3 வரை கன்கரண்ட்லியாகக் கட்டிய இண்டெக்ஸ்களில் சில வரிகள் விடுபட்டிருக்கலாம் என்று அறிவிப்பில் இருந்தது. படித்தவுடன் வயிறு கலங்கியது, ஏனென்றால் நான் ஒவ்வொரு ஞாயிறும் ஆசையாக ஓட்டியது அதைத்தான்.

காரணத்தைப் படித்துப் பார்த்தேன், சொல்லத்தான் வேண்டும், எண்ணம் நல்ல எண்ணம். கன்கரண்ட்லி இண்டெக்ஸ் கட்ட மணிக்கணக்கில் ஆகலாம். அதுவரை அது தொடங்கியபோது பிடித்து வைத்த டேட்டா நிலைக்காக (ஸ்னாப்ஷாட்), பழைய வரிப் பதிப்புகளைக் கழிக்கும் வேக்கம் எதையும் குப்பையில் போட முடியாமல் காத்திருக்கும். அந்தக் காத்திருப்பைக் குறைக்க, இப்படிக் கட்டிக்கொண்டிருக்கும் டிரான்சாக்ஷனை வேக்கம் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று 14-இல் மாற்றினார்கள். ஆனால் கட்டுமான வேலைக்கே இன்னும் தேவைப்படும் வரிப் பதிப்புகளும் அதனால் கழிக்கப்பட்டுவிட்டன, இண்டெக்ஸ் அவற்றைப் பார்க்காமலே முடிந்துவிட்டது. இண்டெக்ஸைத் தொடாமல் வரியை மட்டும் மாற்றும் ஹாட் அப்டேட் அதிகம் நடக்கும் டேபிளில் ஆபத்து கூடுதல். எங்கள் ஆர்டர் டேபிள் அப்படிப்பட்டதுதான்.

பிஜி_ஆம்செக்கை ஹீப்-ஆல்-இண்டெக்ஸ்ட் ஆப்ஷனோடு ஓட்டினேன். டேபிளில் இருக்கும் ஒவ்வொரு வரியும் இண்டெக்ஸில் இருக்கிறதா என்று பார்க்கும், மெதுவாகத்தான் போகும். நான்கு இண்டெக்ஸில் பிழை காட்டியது. 14.4-க்கு ஏற்றி மறுபடி கட்டினோம். டேபிளில் டேட்டா பத்திரமாக இருந்ததால் எதையும் இழக்கவில்லை.

அந்த மாற்றத்தைச் சரிக்கட்டப் பார்க்காமல் முழுதாகத் திரும்ப எடுத்துவிட்டார்கள். விவாதத்தை முதல் மெயிலில் இருந்து கடைசி வரை படித்தேன். யார் எழுதிய கோடு என்று யாரும் விரல் நீட்டவில்லை. எப்படிப் பிழையை வரவழைப்பது, எத்தனை பேர் பாதிக்கப்பட்டிருப்பார்கள், அவர்களுக்கு என்ன சொல்வது, பேச்சு முழுக்க இதுதான். நான் பார்த்த எந்த ஆபீசிலும் இப்படி ஒரு மீட்டிங் நடந்ததில்லை.

*

தமிழ்த் தேடல் பற்றி யாராவது எழுதுவார்கள் என்று காத்திருந்தேன், சரி, நானே எழுதுகிறேன்.

பழைய நாட்டுப்புறப் பாடல்களைத் தட்டச்சு செய்து போஸ்ட்கிரஸில் ஏற்றி வைத்திருக்கிறோம். 'கொடி' என்று தேடினால் பாதிப் பாடல்கள்தான் வந்தன. மற்ற பாதியிலும் அதே சொல் கண்ணுக்குத் தெரிகிறது. தமிழை ஒழுங்காகக் கையாளவில்லை என்று கோபத்தோடு பக் ரிப்போர்ட் எழுத ஆரம்பித்தேன். மேலே அண்ணா சொன்ன மாதிரிதான், சின்னதாக வெட்டி வெட்டி இரண்டே வரிக்குக் கொண்டு வந்தேன். இரண்டிலும் 'கொடி'. லெங்த் கேட்டால் ஒன்றுக்கு 4, இன்னொன்றுக்கு 5!

ஒருவர் தட்டச்சில் ஒகரக் குறி ஒரே எழுத்துக்குறியாக விழுந்திருக்கிறது. இன்னொருவருடையதில் ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனி எழுத்துக்குறிகளாக விழுந்திருக்கின்றன. திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்று. யூனிகோடும் இவை சமம் என்றுதான் சொல்கிறது, ஆனால் பைட் வேறு. போஸ்ட்கிரஸ் 13-இல் வந்த நார்மலைஸ் ஃபங்ஷனைப் போட்டு எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டு வந்ததும் பாடல்கள் எல்லாம் வந்துவிட்டன.

ஆனால் அந்தத் தேடலில் கிடைத்த இன்னொன்றைச் சொல்லத்தான் வந்தேன். டெக்ஸ்ட் சர்ச்சில் வரிகளைச் சொற்களாகப் பிரிக்கும் பார்சர் கோப்பைத் திறந்து படித்தபோது அதற்குள் ஒரு பட்டியல் இருந்தது, பெயர் 'ஸ்ட்ரேஞ்ச்_லெட்டர்'. எழுத்து என்று சி லைப்ரரி ஒப்புக்கொள்ளாத, ஆனால் சொல்லை உடைக்கவும் கூடாத குறிகளின் பட்டியல். இது இல்லாவிட்டால் 'பாடல்' என்ற சொல் காலுக்கு முன்னால் ஒரு துண்டு, பின்னால் ஒரு துண்டு என்று உடைந்துபோகும். நாகரிக் குறிகளில் தொடங்கிக் கீழே இறங்கிக்கொண்டே வந்தால் நம் கால், இகரக் குறி, உகரக் குறி, கொம்பு, ஐகாரம் எல்லாம் வரிசையாக நிற்கின்றன. ஈகாரக் குறியும் புள்ளியும் இல்லையே என்று பதறினேன். அவை இரண்டும் யூனிகோடில் அகலம் இல்லாத வகை, அதற்குச் சற்று மேலேயே தனியாக ஒரு சோதனை இருக்கிறது. யாரோ உட்கார்ந்து நம் எழுத்தை ஒவ்வொன்றாகப் பார்த்திருக்கிறார்கள். 2019-இல் போஸ்ட்கிரஸ் 12 வந்தபோது, சொல்லின் விகுதிகளை வெட்டி அடிச்சொல்லுக்குக் கொண்டு வரும் ஸ்னோபால் ஸ்டெம்மரும் தமிழுக்குச் சேர்ந்தது, இதுவரை பயன்படுத்தாதவர்கள் 'தமிழ்' கான்ஃபிகரேஷனைப் போட்டுப் பாருங்கள்.

*

மைஎஸ்க்யூஎல்காரன் ஒருவனுக்கும் இடம் கொடுங்கள். பக் 199 என்று ஒன்று உண்டு. மைஎஸ்க்யூஎல் 8.0-க்கு முன்பு அதன் இன்னோடிபி டேபிள்களில், வரிக்கு வரி தானாக ஏறும் ஆட்டோ இன்க்ரிமெண்ட் எண் நினைவகத்தில் மட்டும்தான் இருக்கும், சர்வரை ரீஸ்டார்ட் செய்தால் டேபிளில் இருக்கும் பெரிய எண்ணைப் பார்த்து அதற்கு அடுத்ததில் இருந்து தொடங்கும். கடைசி வரிகளை ஆர்க்கைவ் டேபிளுக்கு மாற்றிவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் அதே எண்கள் புது வரிகளுக்கு மறுபடி போகும். எங்களுக்கு இரண்டு பில்களுக்கு ஒரே எண் வந்து, வாடிக்கையாளர் ஒருவர் கேட்ட பிறகுதான் தெரிந்தது. 2003 மார்ச்சில் பதிவான பக், சரியானது 8.0-இல், அது பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது 2018 ஏப்ரல். அந்தப் பக்கத்தில் இடைப்பட்ட வருடங்களில் எழுதியவர்களின் குறிப்புகள்தான் எங்களைக் காப்பாற்றின, ஒருவர் எழுதிய மாற்று வழியை அப்படியே எடுத்துப் போட்டோம்.

*

தொடங்கியவன் மறுபடி. எல்லாருக்கும் நன்றி. 'கொடி'யின் லெங்த் 4, 5 விஷயத்தைப் படித்துவிட்டு என் டேபிளிலும் ஓட்டிப் பார்த்தேன், பதினோரு வரி மாட்டியது.

எங்கே ஆரம்பிப்பது என்று தனியாகக் கேட்ட இருவருக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: ரிவ்யூவில் ஆரம்பியுங்கள். ஒரு பேட்ச் அனுப்பினால் அதே அளவுள்ள இன்னொருவர் பேட்சைப் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். கமிட் உரிமை உள்ளவர்கள் முப்பது பேர் அளவில்தான், காத்திருக்கும் பேட்சுகளோ நூற்றுக்கணக்கில். "இறக்கினேன், கம்பைல் ஆனது, இந்த இடத்தில் எனக்குப் புரியவில்லை" என்று எழுதினால்கூட எழுதியவருக்கு அது பெரிய உதவி.

போன வாரம் நானும் ஒன்று எடுத்தேன். பேட்சை ஒட்டும் கிட் ஏஎம் கட்டளையைப் போட்டதுமே ஒட்டவில்லை, அதற்குள் மாஸ்டர் (முதன்மை நிரல்) நகர்ந்துவிட்டது. புது மாஸ்டருக்கு ஏற்ப ரீபேஸ் வேண்டும் என்று எழுதினேன், அன்று இரவே வி7 வந்துவிட்டது. இப்போது எல்லா டெஸ்டுகளையும் ஓட்டும் மேக் செக்-வேர்ல்ட் ஓடிக்கொண்டிருக்கிறது, முடிந்ததும் அவருக்குப் பதில் எழுத வேண்டும்.