எக்செல் தாளும் உருளைக்கிழங்குப் பீரங்கியும்: உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

உவர்மலைக்காரன்

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவு வரும்வரை சும்மா கிடந்த மாதங்கள். கிழங்குப் பீரங்கி என்றால், பிவிசிக் குழாயின் அறைக்குள் வாயுவைக் காற்றோடு கலந்து, பொறி தட்டி எரியவைத்து, உருளைக்கிழங்கைச் சுடும் குழாய். நான் செய்தது பீரங்கி அல்ல, விரிதாள். எரியும் அறையின் ஆரையையும் நீளத்தையும் போட்டால் எத்தனை மில்லிலீற்றர் வாயு என்று சொல்லும். ஒரு பங்கு புரொப்பேனுக்கு ஐந்து பங்கு ஒட்சிசன். காற்றில் ஒட்சிசன் 20.95 சதவீதம். ஆகவே கலவையில் வாயு 4.02 சதவீதம். இரண்டு தசம தானம்வரை காட்ட வைத்து, மஞ்சள் நிறமும் பூசினேன். அந்தப் பெருமை இன்னும் மறக்கவில்லை.

குழாயை ஒட்டியவன் பெரியம்மாவின் மகன். உள்விட்டம் 8 சென்ரிமீற்றர், நீளம் 40. தாளில் எண் போடும் கலத்துக்கு மேலே நான் "ஆரை" என்று எழுதியிருந்தேன். அவன் 8 என்றே போட்டான். வந்திருக்க வேண்டியது 80.8. வந்தது 323.3. லைட்டருக்கு நிரப்பும் வாயுவை 60 மில்லிலீற்றர் ஊசியால் ஐந்து தடவை ஏற்றிவிட்டு ஆறாவதிலும் கொஞ்சம் ஏற்றினோம். கை வலித்ததே தவிர, சந்தேகம் வரவில்லை. தாள் சொல்லிவிட்டதே!

திருகோணமலை உப்புவெளிக் கடற்கரை, பொழுது சாயும் நேரம். பொறியைத் தட்டுகிறான், தட்டுகிறான், ஒன்றுமே இல்லை. பின்மூடியைத் திருகிக் கழற்றி, உள்ளே குனிந்து பார்த்தபடியே இன்னொரு தடவை தட்டினான். பெரிய சத்தமெல்லாம் கிடையாது. நாய் தும்மியதுபோல ஓர் ஓசை, நீலமாக ஒரு நாக்கு, முடி கருகிய மணம். அவன் கண்ணை மூடியபடியே, "புருவம் இருக்கிறதா?" என்று கேட்டான். இடது புருவம் இல்லை. "இருக்கிறது" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

தம்பலகாமத்து வயல்

எங்களுக்கு இது விளையாட்டு இல்லை, பன்றி விரட்ட. யானை வெடி எல்லா நாளும் கையில் இருக்காது. சித்தப்பா எங்கோ பார்த்துவிட்டு ஒன்று செய்தார். கணக்கு நான், கைப்பேசியில். வெயிலில் கிடந்த குழாய் என்பதால் வெப்பநிலைக்கும் ஒரு திருத்தம் சேர்த்தேன்.

முதல் வெடியில் வரப்பே அதிர்ந்தது. பன்றிகள் ஓடின. இரண்டாவது வெடி வெடிக்கவே இல்லை, மூன்றாவதும் இல்லை. அதே அளவு, அதே தாள். நாங்கள் குழாயோடு மல்லுக்கட்டிக்கொண்டு நிற்க, பன்றிகள் திரும்பி வந்துவிட்டன. அவற்றில் ஒன்று, நாங்கள் சுட்ட கிழங்கைத் தேடிப்பிடித்து, டோர்ச் வெளிச்சத்தில் எங்களைப் பார்த்தபடியே தின்றது. சித்தப்பா ஒன்றும் பேசவில்லை. அந்தச் சப்பும் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

பாலையூற்று

சுட்டவர்கள் யாரென்று தெரியாது, பக்கத்துத் தெருப் பிள்ளைகள். ஒரே ஒரு சத்தம். நான் சமையலறையிலிருந்து ஓடிவந்தபோது அம்மம்மா கட்டிலுக்குக் கீழே குப்புறப் படுத்திருந்தார். எண்பதைத் தாண்டியவர், முழங்கால் மடங்காது என்று கோயிலிலும் கதிரை கேட்பவர். அடையாள அட்டையும் காணி உறுதியும் வைத்திருக்கும் பை அவருடைய நெஞ்சுக்கு அடியில் இருந்தது. அந்தப் பை எங்கே இருந்தது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. வெளியே எடுக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

உங்கள் தாளில் சத்தத்துக்கு ஒரு கலம் இருக்கிறதா?

கணக்குப்பிள்ளை

என் கதை சிறியது: சீனக்குடாப் பக்கம் ஒரு விடுமுறையில் செய்தோம், மூட்டு வெடித்தது, ஒரு துண்டு என் செருப்புக்குப் பக்கத்தில் மணலில் குத்தி நின்றது. அவ்வளவுதான்.

ஆனால் மேலே எழுதியிருப்பதை வாசித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. உவர்மலைத் தம்பி, நீர் ஆரைப் பிழையை மட்டும் சொல்கிறீர். லைட்டர் வாயு பெரும்பாலும் பியூட்டேன். 4.02 என்பது புரொப்பேனின் கணக்கு, சிறு சிலிண்டரில் புரொப்பேன் வாங்கக்கூடிய அமெரிக்கர்களின் எண். பியூட்டேன் ஒரு பங்குக்கு ஆறரைப் பங்கு ஒட்சிசன் வேண்டும், கலவையில் 3.12 சதவீதம். உம்முடைய குழாய்க்கு அது 62.7 மில்லிலீற்றர். ஆக, ஆரையைச் சரியாகப் போட்டிருந்தாலும் விடை பிழைதான். 323 ஏற்றினால் 16 சதவீதம். பியூட்டேன் 8.4 சதவீதத்துக்கு மேல் எரியாது. அதனால்தான் பொறி தட்டியும் பேசாமல் இருந்தது. மூடியைத் திறந்தீர்கள், காற்று புகுந்தது, வாயருகே கலவை எரியும் அளவுக்கு இறங்கியது. மிச்சத்தைப் புருவம் சொல்லியிருக்கும்.

சமையல் வாயுவை எடுக்கலாமா என்று அடுத்தவர் கேட்பதற்கு முன்பே சொல்கிறேன்: அது இரண்டும் கலந்தது. அந்தக் கலவையின் விகிதத்தைப் பற்றி 2021 கடைசியில், அடுப்புகள் வெடித்த நாட்களில், நாடே சண்டை பிடித்தது. விகிதம் தெரியாத வாயுவுக்கு எந்தத் தாளில் கணக்குப் போடுவீர்கள்? வாசனைத் தெளிப்பானும் அப்படியே. "ஒரு விநாடி அடி" என்பது ஓர் அலகா?

தம்பலகாமத்தவருக்கு: வெப்பநிலைத் திருத்தம் வீண் வேலை. ஊசியும் குழாயும் ஒரே வெயிலில் கிடந்தால் இரண்டிலும் உள்ள வாயு ஒரே மாதிரித்தான் விரிந்திருக்கும்; விகிதம் மாறாது. வெயில் கெடுப்பது பிவிசியை. அதில் அச்சடித்திருக்கும் அழுத்த அளவு 20 பாகைத் தண்ணீருக்கு. சூடேறினால் தாங்கும் வலு குறையும், அதிலும் உள்ளே இருப்பது தண்ணீர் அல்ல. உங்கள் இரண்டாவது வெடி வெடிக்காததற்குக் காரணம், முதல் வெடியின் எரிந்த புகை உள்ளேயே நின்றதுதான். தாள் புதுக்காற்று என்று நினைத்துக் கணக்குப் போடுகிறது. விசிறி வைத்து ஊதித் தள்ளியிருக்க வேண்டும்.

தாள் செய்பவர்கள்: விட்டத்தை மட்டும் கேளுங்கள், பாதியாக்கும் வேலையைச் சூத்திரத்துக்கு விடுங்கள். கடையில் சொல்லும் அங்குல அளவு உள்விட்டம் அல்ல, அளந்து போடுங்கள். சூத்திரக் கலங்களைப் பூட்டுங்கள்.  தசம தானத்தை எடுத்துவிடுங்கள்.

கிண்ணியா மீன்காரன்

ஐயா, இவ்வளவு கணக்கு எதற்கு? நாங்கள் சின்ன வயதில் மூங்கிலில் காபைட் கல்லும் எச்சிலும் போட்டு அடித்தோம். எந்தத் தாளும் இல்லாமல் ஒவ்வொரு தடவையும் வெடித்தது.

கணக்குப்பிள்ளை

ஒவ்வொரு தடவையும் வெடிப்பதுதான் அதிலுள்ள ஆபத்து, நானா. காபைட் கல்லில் ஈரம் பட்டால் வரும் அசெற்றிலீன் வாயு, காற்றில் 2.5 சதவீதத்திலிருந்து 80-க்கு மேலும் எரியும். பிழை விட்டாலும் அது பேசாமல் இருக்காது. 2025 தீபாவளியில் மத்தியப் பிரதேசத்தில் காபைட் துப்பாக்கி எத்தனை பிள்ளைகளின் கண்ணைக் கெடுத்தது என்று பத்திரிகையில் வாசிக்கவில்லையா? அவர்களில் பலர் வெடிக்கவில்லையே என்று குழாய்க்குள் எட்டிப் பார்த்தவர்கள்.

கிண்ணியா மீன்காரன்

நாங்கள் எட்டிப் பார்க்கவில்லை. வாப்பா பார்த்துவிட்டார், மூங்கில் எங்கள் முதுகில் உடைந்தது.

பாலையூற்று

நான் கேட்டதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை.

தம்பலகாமத்து வயல்

அக்கா, இல்லை. சத்தத்துக்குக் கலம் இல்லை. எங்கள் பக்கமும் கேட்டிருப்பார்கள் என்று இன்றைக்குத்தான் நினைத்துப் பார்க்கிறேன். சித்தப்பாவின் குழாய் இப்போது கோழிக்கூட்டுத் தண்ணீருக்குப் போய்விட்டது.

கணக்குப்பிள்ளை ஐயா, விசிறி என்றீர்கள். வயலுக்குள் மின்சாரம் எங்கே இருக்கிறது?

உவர்மலைக்காரன்

ஐயா சொன்ன 62.7-ஐ நேற்று இரவு போட்டுப் பார்த்தேன், சரிதான். கோப்பு பழைய மடிக்கணினியில் அப்படியே இருக்கிறது, மஞ்சள் நிறமும் இருக்கிறது. இரண்டு பேர் தனியாகக் கேட்டிருந்தீர்கள். அனுப்பப் போவதில்லை, கோபிக்க வேண்டாம்.

அண்ணன் இப்போது கனடாவில். அந்தப் புருவம் முளைத்துவிட்டது, ஆனால் நடுவில் ஒரு கோடு விட்டு முளைத்தது. காணொளி அழைப்பில் அதைத்தான் முதலில் பார்க்கிறேன்.