பென் ஸோப்ரிஸ்ட்: பல இடங்களில் ஆடியது தகுதியா, தகுதிக் குறைவா?

மண்மேடு எழுதியது:

தலைசிறந்த ஆட்டக்காரர்களுக்கான உச்ச அங்கீகாரமாகிய பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேமுக்கான 2025ஆம் ஆண்டு வாக்கெடுப்பில் முதன்முறையாகப் பெயர் இடம்பெற்ற பென் ஸோப்ரிஸ்ட், பட்டியலில் நீடிக்கத் தேவையான 5 விழுக்காட்டு வாக்குகளைக்கூடப் பெறாமல் வெளியேறினார். பந்தெறியும் பிட்சர், மட்டையாளருக்குப் பின்னே நிற்கும் கேட்சர் ஆகிய இரண்டும் தவிர்த்த ஏழு தடுப்பு இடங்களிலும் ஆடிய ஒருவருக்கு இது அநீதி என்று இங்கே சிலர் வருந்துகிறார்கள். எனக்கு அந்த வருத்தம் இல்லை. ஓரிடத்தில் அசைக்க முடியாதபடி வேரூன்றிய ஆட்டக்காரரை எந்த மேலாளரும் அங்கிருந்து பெயர்ப்பதில்லை. இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நிற்கும் ஷார்ட்ஸ்டாப்பாக டாம்பா பே அணிக்கு வந்த ஸோப்ரிஸ்ட் 2006இல் .224, 2007இல் .155 என்ற மட்டைச் சராசரியோடு (மட்டை வீசிய வாய்ப்புகளில் ஹிட் ஆனவற்றின் பங்கு) தடுமாறினார். அந்த இடமும் அவருக்கு நிலைக்கவில்லை. சிறந்த பந்துத் தடுப்புக்கான கோல்ட் கிளவ் விருதை அவர் ஒருமுறைகூட வென்றதில்லை. பணிக்காலம் முழுவதற்குமான கணக்கு 1,566 ஹிட், 167 ஹோம் ரன், .266 சராசரி. நல்ல ஆட்டக்காரர், அவ்வளவுதான்.

இரவுப்பறவை எழுதியது:

நண்பர் மண்மேடு 2007இலிருந்து நேராகப் பணிக்காலத்தின் முடிவுக்குத் தாவிவிட்டார். இடையில் 2009 என்று ஓர் ஆண்டு இருக்கிறது. அவ்வாண்டு மே மாதத்தில் டாம்பா பே அணியின் இரண்டாம் பேஸ் ஆட்டக்காரர் அகினோரி இவாமுரா முழங்கால் காயத்தால் விலக, அதுவரை நிலையான இடமின்றி இருந்த ஸோப்ரிஸ்ட் அந்த வெற்றிடத்தை நிரப்பியதோடு, தேவைப்பட்ட நாள்களில் வலது களத்துக்கும் பிற இடங்களுக்கும் சென்று, .297 சராசரி, 27 ஹோம் ரன், 91 ஆர்.பி.ஐ. (அவர் அடித்ததால் அணிக்குக் கிடைத்த ஓட்டங்கள்) என்று பருவத்தை முடித்தார். பேஸ்பால் ரெஃபரன்ஸ் தளத்தின் வார் என்ற ஒட்டுமொத்தப் பங்களிப்பு அளவீட்டில் அவருக்குக் கிடைத்த 8.6, அந்த ஆண்டு, பெரிய லீக்குகள் இரண்டில் ஒன்றான அமெரிக்கன் லீக்கில் பிட்சர் அல்லாத எவருக்கும் கிடைக்காத எண். லீக்கின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரருக்கான எம்.வி.பி. விருது ஜோ மாவருக்குச் சென்றது. அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் ஸோப்ரிஸ்டுக்கு எட்டாம் இடம் என்பதை எப்படி ஏற்பது? வாக்களித்தவர்கள் அவரை எந்தப் பெட்டியில் வைப்பதென்று தெரியாமல் திகைத்திருக்கிறார்கள் என்றே நான் கருதுகிறேன்.

கணக்கன் எழுதியது:

இரு தரப்பும் வார் எண்ணைச் சற்றுக் கவனமாகப் பார்க்க வேண்டும். எளிதில் கிடைக்கக்கூடிய ஒரு மாற்று ஆட்டக்காரரோடு ஒப்பிட்டால் ஒருவர் எத்தனை வெற்றிகளைக் கூடுதலாகத் தந்தார் என்று மதிப்பிடும் கணக்கு அது. ஷார்ட்ஸ்டாப் போன்ற கடினமான இடத்தில் ஆடினால் சிறிது கூட்டுவார்கள்; முதல் பேஸ் போன்ற எளிய இடத்தில் ஆடினால் குறைப்பார்கள். ஆனால் ஒரே ஆட்டக்காரர் இடம் மாறி மாறி ஆடுவதற்கென்று தனியாக எதையும் கூட்டுவதில்லை. ஆகவே 8.6 என்பது அவருடைய மட்டைக்கும் ஓட்டத்துக்கும் பந்துத் தடுப்புக்கும் கிடைத்த மதிப்பு. பல இடங்களில் ஆடும் திறனின் மதிப்பு அந்த எண்ணுக்கு வெளியே நிற்கிறது.

மண்மேடு எழுதியது:

நான் சொல்ல வந்ததும் அதுவே. அவரை உயர்த்தியது மட்டை. அது ஓய்ந்த 2010இல் சராசரி .238, ஹோம் ரன் 10 என்று ஆனபோது, ஏழு இடங்களில் ஆடும் திறன் அவரை எவ்வளவு தூரம் தாங்கியது? மேலும், பல இடங்களில் ஆடுவதே பெருமை என்றால் பெர்ட் கேம்பனெரிஸை அல்லவா முதலில் கொண்டாட வேண்டும்? அவர் 1965 செப்டம்பர் 8 அன்று ஒரே ஆட்டத்தில் ஒன்பது இடங்களிலும் நின்றவர்.

இரவுப்பறவை எழுதியது:

கேம்பனெரிஸ் அன்று செய்தது கூட்டம் சேர்ப்பதற்காகக் கன்சாஸ் சிட்டி அணி ஏற்பாடு செய்த வேடிக்கை; கேட்சராக நின்றபோது மோதிக் காயமுற்று வெளியேறியதோடு அது முடிந்தது. அதையும் இதையும் ஒரே தட்டில் வைப்பது பொருந்தாது.

கணக்கன் சொன்னதை நான் மறுக்கவில்லை. அந்த எண்ணுக்கு வெளியே நிற்பதைத்தான் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். அக்காலத்தில் ஓர் அணிக்கு 25 பேர். பிட்சர்கள் 12 பேர் போனால் மிஞ்சுவது 13; பிட்சருக்குப் பதிலாக மட்டை வீசத் தனி ஆள் உள்ள அமெரிக்கன் லீக்கில் அவர்களில் ஒன்பது பேர் ஆடத் தொடங்கினால் வெளியே நால்வர், அவர்களில் ஒருவர் கட்டாயம் மாற்று கேட்சர். எஞ்சிய மூவரை வைத்துக்கொண்டு காயம், களைப்பு, எதிரணியின் இடக்கை பிட்சர் ஆகிய அனைத்தையும் சமாளிக்க வேண்டிய மேலாளருக்கு, இரு பக்கமும் மட்டை வீசி ஏழு இடங்களிலும் நிற்கக்கூடிய ஒருவர் தினமும் களத்தில் இருப்பது எவ்வளவு பெரிய வசதி! மேலாளர் ஜோ மேடன் டாம்பாவில் ஆண்டுக்கணக்கில் அணியைப் பின்னியது இந்த வசதியைச் சுற்றித்தான். 2012இல், ஷார்ட்ஸ்டாப்பில் நிலைக்கவில்லை என்று நீங்கள் சொல்லும் அதே மனிதரைப் பருவத்தின் பிற்பகுதியில் அங்கேயே திரும்ப நிறுத்தினார்.

2015ஐயும் பாருங்கள். ஜூலையில் கன்சாஸ் சிட்டியின் இடது கள ஆட்டக்காரர் அலெக்ஸ் கார்டன் காயமுற்றிருந்தார். இரண்டாம் பேஸில் ஓமர் இன்ஃபான்டேயின் மட்டை பேசவில்லை. ஓட்டை இரண்டு, வாங்கியது ஒரே ஆளை. ஓக்லண்டிலிருந்து வந்த ஸோப்ரிஸ்ட் முதலில் இடது களத்தில் நின்றார்; கார்டன் திரும்பியதும் இரண்டாம் பேஸுக்கு நகர்ந்தார்; அணி, சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடரை வென்றது. மறு ஆண்டு சிகாகோ கப்ஸில் இதுவே தலைகீழாக நடந்தது. பருவம் முழுவதும் பெரும்பாலும் இரண்டாம் பேஸில் ஆடியவர், இறுதிக்கட்ட ஆட்டங்களில் ஹாவியர் பாயெஸ் அங்கே நிற்பதற்காக இடது களத்துக்குச் சென்றார். பந்துத் தடுப்பில் பாயெஸின் கை எத்தகையது என்று அறிந்தவர்கள் இந்த நகர்வின் மதிப்பை உணர்வார்கள். அவ்வாண்டு உலகத் தொடரின் ஏழாம் ஆட்டத்தில், 17 நிமிட மழை இடைவெளிக்குப் பின் தொடங்கிய பத்தாம் இன்னிங்ஸில், பிரையன் ஷாவின் பந்தை இடது கோட்டையொட்டி அடித்து அணியை முன்னிலைக்குக் கொண்டுவந்தவரும் அவரே. பட்டத்துக்கான கப்ஸின் 108 ஆண்டுக் காத்திருப்பு அன்று முடிந்தது; தொடரின் எம்.வி.பி. விருது அவருக்குக் கிடைத்தது.

கணக்கன் எழுதியது:

ஒரு சிறு சேர்க்கை: பல இடங்களில் ஆடுபவர்களுக்கென்று தனி கோல்ட் கிளவ் 2022இல்தான் தொடங்கப்பட்டது. ஸோப்ரிஸ்டின் கடைசிப் பருவம் 2019. எனவே கோல்ட் கிளவ் இல்லாததை அவருக்கு எதிரான சான்றாகக் கொள்வதற்கில்லை.

மண்மேடு எழுதியது:

கோல்ட் கிளவ் வாதத்தை விட்டுவிடுகிறேன். 2015, 2016 பற்றியும் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கிரேக் பிஜியோவை நினைத்துப் பாருங்கள். கேட்சராகத் தொடங்கினார்; 1992இல் இரண்டாம் பேஸுக்கு மாறி நான்கு கோல்ட் கிளவ் வென்றார்; 2003இல் நடுக்களத்துக்குச் சென்றார்; 3,060 ஹிட்களோடு 2015இல் ஹால் ஆஃப் ஃபேமில் நுழைந்தார். இடம் மாறியது அவருக்குத் தடையாகவில்லை. ஸோப்ரிஸ்டுக்குத் தடையானது காலம்: 25 வயதில் அறிமுகம், 28 வயதில்தான் நிலையான ஆட்டம். இரண்டு மூன்று பருவங்கள் முன்னதாகவே டாம்பா அவரை நம்பியிருந்தால் இந்த விவாதம் வேறு விதமாக இருந்திருக்கும். இப்போதுள்ள கணக்கை வைத்து அவருக்கு நான் வாக்களிக்க மாட்டேன்.

இரவுப்பறவை எழுதியது:

ஹால் ஆஃப் ஃபேமுக்கு நானும் வாக்களித்திருக்க மாட்டேன், மண்மேடு. ஆனால் நீங்கள் வாதத்தைத் தொடங்கியது ‘வேரூன்றாததால் இடம் மாற்றப்பட்டார்’ என்று. இப்போது முடிப்பது ‘தாமதமாக வந்தார்’ என்று. இரண்டாவதை ஏற்கிறேன். முதலாவதுக்கு 2016இல் பாயெஸுக்காக அவர் விட்டுக்கொடுத்த இரண்டாம் பேஸே பதில்.