பைக்கில் எடுத்துப் போக, மதியம் வரை புளிக்காமல் என்ன இருக்கிறது?

காட்பாடி சர்வீஸ்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். வீடுகளில் தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் சர்வீஸ் செய்கிறேன். காட்பாடி, சத்துவாச்சாரி, பாகாயம், சில நாள் குடியாத்தம் வரை பைக்கிலேயே சுற்றல். காலையில் எட்டரைக்குக் கிளம்பினால் இருட்டும்போதுதான் வீடு. வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கத்திரி தொடங்கும் முன்பே ஹெல்மெட்டுக்குள் தலை வேகிறது.

வீட்டில் மோர் கலந்து பாட்டிலில் தருகிறார்கள். பதினொரு மணிக்குக் குடித்தால் தேவாமிர்தம். இரண்டு மணிக்கு மூடியைத் திறந்தால் ‘புஸ்’ என்கிறது, வாயில் வைக்க முடியாத புளிப்பு. எலுமிச்சை ஜூஸ் எடுத்துப் போனால் மதியத்துக்குள் கசந்துவிடுகிறது. போகிற வீட்டில் கலர் கொடுக்கிறார்கள். ஆனால் எனக்குச் சர்க்கரை எல்லையில் நிற்கிறது, கவனமாக இருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வீட்டிலேயே செய்து, பையில் வைத்து, மதியம் வரை கெடாமல் குடிக்கிற மாதிரி ஏதாவது சொல்லுங்கள். இனிப்பு இல்லாமல் இருந்தால் நல்லது.

சோம்பேறிச் சித்தர்:

இளநீர் பாஸ். இயற்கையே சீல் போட்டுக் கொடுத்த பாட்டில், புளிக்காது.

காட்பாடி சர்வீஸ்காரன்:

நானும் அதைத்தான் குடித்துக்கொண்டிருந்தேன் சித்தரே. மாதக் கடைசியில் கணக்குப் பார்த்தால் பெட்ரோலுக்கும் இளநீருக்கும்தான் வேலை பார்க்கிறேன் போல.

கும்பகோணம் மெஸ் அம்மா:

தம்பி, நானும் எங்கள் வீட்டுக்காரரும் வெகு காலம் மெஸ் நடத்தினவர்கள். பங்குனி பிறந்தால் கடை வாசலில் பானை வைத்து மோர் ஊற்றுவோம். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன். உங்கள் மோரில் குறை இல்லை, கலக்கிற நேரத்தில்தான் இருக்கிறது. காலையில் தண்ணீர் ஊற்றிக் கலந்து, வெயிலில் பைக் பெட்டிக்குள் வைத்தால் எந்த மோரும் புளிக்கும். சூடு ஏற ஏற உறைக்கிருமி பெருகும், அது அதன் வேலை. அதனால் சரக்கு தனி, தண்ணீர் தனி. குடிக்கிற இடத்தில் கலந்துகொள்ளுங்கள். எலுமிச்சைக்கும் இதுதான் வழி. பழத்தையும் உப்பையும் பையில் வைத்துக்கொண்டு குடிக்கும்போது பிழியுங்கள். விதை விழக் கூடாது, தோல் நசுங்க அழுத்திப் பிழியக் கூடாது. கசப்பு அங்கேயிருந்துதான் வருகிறது.

மோருக்கு இப்படிச் செய்யுங்கள். முதல் நாள் உறை ஊற்றி, தோய்ந்தவுடன் ஃபிரிட்ஜில் ஏற்றிவிட வேண்டும். தோய்ந்த பிறகும் வெளியே கிடந்தால் காலையிலேயே பாதி புளித்திருக்கும். காலையில் இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, கொத்தமல்லித் தண்டு இவற்றைக் கல்லுப்பு சேர்த்து உரலில் நசுக்குங்கள். மிக்ஸியில் போட்டால் கீரைச் சாறு மாதிரி பச்சை வாடை தூக்கும். நார்த்தை இலை கிடைத்தால் நடு நரம்பை உருவிவிட்டு இரண்டு இலை சேர்த்து நசுக்குங்கள், நரம்பு கசக்கும். ஒரு சிட்டிகைப் பெருங்காயம். இதைக் கெட்டித் தயிரில் போட்டுக் கடைந்து, வெண்ணெய் திரண்டால் எடுத்துவிட்டு, வடிகட்டி, சின்ன ஃபிளாஸ்கில் ஊற்றுங்கள். வடிகட்டாவிட்டால் கறிவேப்பிலை ஃபிளாஸ்க் வாயில் அடைத்துக்கொண்டு நிற்கும், அப்புறம் நடுரோட்டில் குச்சி தேட வேண்டும். ஜில்லென்று போனது மதியம் வரை ஜில்லென்றே இருக்கும். ஒரு பங்கு தயிருக்கு நாலு பங்கு தண்ணீர். சின்ன வெங்காயம் ருசிதான், ஆனால் அடைத்து வைத்தால் நாறும். அதை வீட்டில் குடிக்கிற மோருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் குளிர்ச்சிக்கு ஐஸ் தேட வேண்டாம். ஐஸைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. ஒரு தடவை கடைக்கு வந்த ஐஸ் கட்டியோடு கோணிச் சாக்கில் மீன் செதிலும் ஒட்டிக்கொண்டு வந்தது. அன்றோடு விட்டோம். அந்தக் காலத்து லாரிகளில் முன்னால் கித்தான் பையில் தண்ணீர் தொங்குமே, பார்த்திருக்கிறீர்களா? பை மேலே கசிகிற ஈரம் காற்றில் உலரும்போது உள்ளே இருக்கிற தண்ணீரின் சூட்டை இழுத்துக்கொண்டு போகும். மண்பானையும் அதே வித்தைதான். நீங்கள் ஒற்றைச் சுவர் எவர்சில்வர் பாட்டிலுக்குப் பழைய வேட்டித் துணியை இரண்டு சுற்றுச் சுற்றி, நனைத்து, ஹேண்டிலில் தொங்கவிடுங்கள். வண்டி ஓடுகிற காற்றே போதும். துணி காய்ந்தால் மறுபடி நனைக்க வேண்டும். ஃபிளாஸ்கில் சுற்றிப் பயனில்லை, அதன் சுவர் வழியாகச் சூடு போகாது. உங்கள் ஊர் வறண்ட வெயில், அங்கே இது நன்றாகவே வேலை செய்யும். சென்னைப் புழுக்கத்தில் இருக்கிறவர்கள் செய்து பார்த்துவிட்டு என்னைத் திட்ட வேண்டாம், காற்றே ஈரமாக இருந்தால் துணி எப்படி உலரும்?

வீட்டில் மண்பானை வாங்குவதென்றால் பெயின்ட் அடித்த பானை வேண்டாம். துளையெல்லாம் அடைபட்டு அது வெறும் பாத்திரம் ஆகிவிடும். வெட்டிவேரை அலசி மல் துணியில் முடிந்து பானைக்குள் போடுங்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை எடுத்து வெயிலில் காயவைத்து மறுபடி போடலாம்.

மோர் அலுத்துப் போகிற நாளைக்கு மாங்காய். கிளிமூக்கு மாங்காய் இரண்டைத் தோலோடு குக்கரில் குழைய வேகவையுங்கள். ஆறியதும் கையால் பிசைந்து சதையை எடுத்து, வறுத்த சீரகப்பொடி, கறுப்பு உப்பு, கொஞ்சம் மிளகு, நசுக்கிய புதினா சேர்த்து விழுதாக வைத்துக்கொண்டால் ஃபிரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும். வடக்கே இதை ஆம் பன்னா என்பார்கள். அனல் காற்றில் வெளியே போகிறவர்களுக்கு அங்கே இதுதான் முதல் மருந்து. அவர்கள் சர்க்கரையைக் கொட்டுவார்கள், நீங்கள் அதை விட்டுவிடுங்கள். ஒரு சின்ன டப்பாவில் நாலு ஸ்பூன் போதும், தம்ளருக்கு இரண்டு ஸ்பூன்.

பானகம் உங்களுக்கு வேண்டாம். ராமநவமிக்குக் கொடுத்தால் ஒரு வாய் குடித்துவிட்டு மீதியைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள்.

பாட்னாவில் ஒரு தஞ்சாவூரான்:

அம்மா சொன்ன ஆம் பன்னாவுக்கு என் ஓட்டு. இன்னொன்றும் சொல்கிறேன், சத்து சர்பத். வறுத்த கொண்டைக் கடலையைத் திரித்த மாவுதான் சத்து. இங்கே ரிக்‌ஷா ஓட்டுகிறவரிலிருந்து ஆபீஸ் போகிறவர் வரை காலையில் ஒரு கிளாஸ் இதைக் குடித்துவிட்டுத்தான் வெயிலில் இறங்குகிறார்கள். இரண்டு ஸ்பூன் மாவு, உப்பு, வறுத்த சீரகப்பொடி, எலுமிச்சை, பொடியாக நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய், மேலே குளிர்ந்த தண்ணீர். முதலில் கொஞ்சம் தண்ணீரில் கட்டி இல்லாமல் கரைத்துக்கொண்டு அப்புறம் மீதியை ஊற்ற வேண்டும். மாவு காய்ந்த சரக்கு, பையில் சில நாள் கிடந்தாலும் கெடாது. வயிறும் நிற்கும். தமிழ்நாட்டில் கிடைக்காவிட்டால் பொட்டுக்கடலையை மாவாக்கிச் செய்யலாம், ருசி கொஞ்சம் மாறும்.

ஒடிசாவில் நம் சித்திரை முதல் நாள் வருகிற சமயத்தில் பணா சங்கராந்தி. அன்று வில்வப் பழச் சதையைக் கரைத்து, வெல்லம், மிளகு, தேங்காய்த் துருவல் எல்லாம் போட்டு வீட்டுக்கு வீடு குடிப்பார்கள். நம் ஊரில் இலையைப் பறித்துச் சிவனுக்குப் போட்டுவிட்டுப் பழத்தை மரத்தடியிலேயே விட்டுவிடுகிறோம்.

கும்பகோணம் மெஸ் அம்மா:

சத்து மாவு நல்ல யோசனை தஞ்சாவூர்த் தம்பி. ஆனால் வேலூர்க்காரரிடம் போய்க் கொண்டைக் கடலை மாவைச் சொல்கிறீர்களே, அவர் ஊரில் கேழ்வரகுக் கூழ் இருக்கிறதே! முதல் நாள் மாவைக் கரைத்துப் புளிக்கவிட்டு, மறுநாள் நொய் வேகும்போது ஊற்றிக் கிளறி, ஈரக் கையால் தொட்டால் ஒட்டாத பதத்தில் இறக்கி, ஆறவைத்து உருட்டி வைத்துக்கொண்டால் ஆயிற்று. அடுத்த நாள் காலையில் ஒரு உருண்டையை மோரில் பிசைந்து, உப்பு போட்டு, மோர் மிளகாயைக் கடித்துக்கொண்டு குடித்துவிட்டுக் கிளம்புங்கள். இது புளித்தால்தான் ருசி, அதனால் உங்கள் பயமே இதற்கு இல்லை. தண்ணியாகக் கரைக்கிறோமே தவிர கூழும் சாப்பாடுதான். சர்க்கரை இருக்கிறதால் அளவு பார்த்துக்கொள்ளுங்கள், இட்லியும் தின்றுவிட்டுக் கூழும் குடிக்கக் கூடாது.

அவசரப் பிரிவு அக்கா:

அரசு மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். மேலே சொன்னதெல்லாம் நல்ல யோசனைகள். அதோடு சிலது.

வியர்வையில் தண்ணீரோடு உப்பும் போகிறது. நாள் முழுக்க வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே இருந்தால் சிலருக்குத் தலை சுற்றும், கால் தசை பிடித்துக்கொள்ளும். உப்புப் போட்ட மோர் அந்த வகையில் நல்லது. ஆனால் ரத்த அழுத்தமோ சிறுநீரகப் பிரச்சினையோ இருப்பவர்கள் உப்பின் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அவசரத்துக்குப் பையில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அது தினசரி ஜூஸ் இல்லை. பேதி, வாந்தி, கடும் வியர்வைக் களைப்பு என்றால் பாக்கெட்டில் போட்ட அளவுத் தண்ணீரில் முழுதாகக் கலக்க வேண்டும், பாதியைக் கொட்டி ஒரு தம்ளரில் கலக்கக் கூடாது. பாக்கெட் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டுமே தலை தட்டி. கடையில் அட்டைப் பெட்டியில் பழ ருசியோடு விற்றதெல்லாம் ஓ.ஆர்.எஸ். இல்லை. சர்க்கரை அதிகமான பானங்கள் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவு போட்டது.

இன்னொன்று. வெயிலில் நிற்கிற ஒருவர் உளற ஆரம்பித்தாலோ, மயங்கினாலோ, உடம்பு நெருப்பாகக் கொதித்தாலோ மோர் புகட்ட முயலாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள்.

காட்பாடி சர்வீஸ்காரன்:

எல்லாருக்கும் நன்றி. வேட்டித் துணி சுற்றின பாட்டிலோடு இன்று அணைக்கட்டு வரை போய்வந்தேன். இரண்டு மணிக்குப் பானைத் தண்ணீர் மாதிரி இருந்தது. சிக்னலில் நின்றவர்கள் எல்லாம் ஹேண்டிலில் என்ன கட்டு என்று கேட்கிறார்கள்.

மெஸ் அம்மா, பிள்ளைகள் நன்னாரி சர்பத் வேண்டும் என்கிறார்கள். கடை சிரப் வாங்கலாமா, வீட்டில் செய்யலாமா? வேர் லாங்கு பஜாரில் கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

கும்பகோணம் மெஸ் அம்மா:

செய்யலாம் தம்பி, அப்படி ஒன்றும் பெரிய வேலை இல்லை. நாட்டு மருந்துக் கடையில் நூறு கிராம் வேர் வாங்கி, மண் போக நாலு தண்ணீரில் அலசி, கல்லால் தட்டுங்கள். உள்ளே வெள்ளையாக ஒரு குச்சி இருக்கும், அதை எறிந்துவிட்டுத் தோலை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மணம் தோலில்தான் இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, தோலைப் போட்டு மூடி, இரவு முழுக்க ஊறட்டும். வேரோடு சேர்த்துத் திறந்து வைத்துக் கொதிக்கவிட்டால் தெருவே மணக்கும், சர்பத்தில் ஒன்றும் இருக்காது. காலையில் வடிகட்டி, ஒரு கிலோ சர்க்கரை சேர்த்துப் பிசுக்குப் பதம் வரை காய்ச்சி, கடைசியில் அரை மூடி எலுமிச்சை பிழியுங்கள், சர்க்கரை பூத்துக் கட்டி தட்டாமல் இருக்கும். கடைச் சிரப் மாதிரி கன்னங்கரேல் என்று வராது, டீத் தண்ணீர் நிறம்தான் வரும்.

உங்களுக்கு மட்டும் சர்க்கரை போடுவதற்கு முன்பே அந்த ஊறல் தண்ணீரில் ஒரு தம்ளர் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எலுமிச்சையும் உப்பும் போட்டுக் குடிக்கலாம். கடையில் வேரை ஒடித்து முகர்ந்து பாருங்கள். சட்டென்று மணம் ஏறினால் வாங்குங்கள், இல்லாவிட்டால் அது போன வருஷச் சரக்கு, எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம்.