என்கிசிக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம். மத்திய ஆப்பிரிக்காவின் கொங்கோ மக்களின் என்கிசி (சக்தி ஏற்றப்பட்ட பொருள்) பற்றி எழுதும்போது ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டேன். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் மங்காகா எனும் என்கிசி, 19-ஆம் நூற்றாண்டு மரச்சிலை. உடம்பெங்கும் ஆணிகள், இரும்புத் தகடுகள். இரு தரப்பார் சத்தியம் செய்தாலோ வழக்கைத் தீர்த்துக்கொண்டாலோ அந்தக் காலத்தில் அதில் ஆணி அடிப்பார்கள். ங்கங்கா எனும் பூசாரி மண், மூலிகை எல்லாம் சேர்த்து உள்ளே அடைத்தால்தான் அதற்குச் சக்தி. எடுத்துவிட்டால் வெறும் மரம்.

சூனியப் பொம்மை என்று எழுத மனம் வரவில்லை. இது வாக்கு மீறியவனைத் தேடிப் பிடிப்பது. காவல் தெய்வம் என்றாலும் இடிக்கிறது, ஏனென்றால் பை, சட்டி, சங்குகூட என்கிசி ஆகலாம்.

நல்ல சொல் இருந்தால் சொல்லுங்கள். அப்புறம், பன்மை அவர்கள் மொழியில் மின்கிசி. அதையே வைக்கவா, என்கிசிகள் என்று எழுதவா?