புதுப்பிப்பு: வீட்டு வேலைக்கு ஆள் வைத்தால் வரி உண்டா?

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு வேலைக்கு வரும் அக்காவின் சம்பளத்துக்கு வரியோ பி.எஃப்.போ கட்ட வேண்டுமா என்று முன்பு கேட்டிருந்தேன். ஆள் அனுப்புவதாகச் சொன்ன ஓர் ஏஜென்சி 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்துக் கணக்கு நீட்டியதால் வந்த சந்தேகம் அது. இப்போது விடை கிடைத்துவிட்டது.

நேரடியாக நாமே வேலைக்கு வைத்தால் ஜி.எஸ்.டி. கிடையாது. முதலாளிக்குத் தொழிலாளி செய்யும் வேலையைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை வரிக்கு வெளியே நிறுத்துகிறது. பதிவு பெற்ற ஏஜென்சி இடையில் வந்தால்தான் அந்த 18. கொடுக்கும் சம்பளத்தை நம் வருமான வரியில் கழிக்கவும் முடியாது.

பி.எஃப். நிறுவனங்களுக்கானது, வீடு அதில் வராது. மேலப்பாளையத்தில் கம்பெனிக்குப் பீடி சுற்றும் பெண்ணுக்குச் சட்டப்படி பி.எஃப். உண்டு, அடுத்த தெருவில் பாத்திரம் தேய்க்கும் பெண்ணுக்கு இல்லை. எனக்கு இது சரியாகப் படவில்லை.

இருப்பது நலவாரியம்தான். 2007-இல் தமிழக அரசு வீட்டுப் பணியாளர்களுக்கென்று தனி வாரியம் அமைத்தது. 18 முதல் 60 வயது வரை இலவசமாகப் பதியலாம். பிள்ளைகளின் படிப்புக்கும் திருமணத்துக்கும் உதவித்தொகை, 60-க்குப் பிறகு ஓய்வூதியம். 2018-இல் குறைந்தபட்சக் கூலியும் அறிவித்தார்கள், மணிக்கு 37 ரூபாயில் தொடங்கி. அந்தத் தொகையைக் கேட்டு அக்கா சிரித்தார்!

"நலவாரிய அட்டை வாங்கினால் ரேஷன் அரிசியை நிறுத்திவிடுவார்களா?" என்பதுதான் அவருடைய ஒரே கவலை. நிறுத்த மாட்டார்கள். ஆதார், ரேஷன் அட்டை, வங்கிப் புத்தகம் எல்லாம் வைத்து இணையத்தில் விண்ணப்பித்திருக்கிறோம். ஏஜென்சிக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.